பின்கட்டு ரோஸி

கெனேவே அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். ஜோஹன்னஸ்பர்க்கில் ஜூன் மாதம் குளிர்காலம், வெயில் பார்க்கத்தான் வெயில், உடம்பில் உறைக்காது. முன்வாசல் கேட்டைத் தொடுகிற அளவுக்கு அவள் பைத்தியம் இல்லை. வீடுகளின் பின்பக்கமாக, குப்பை வண்டி வந்துபோகும் சந்து வழியாக வந்து கதவைத் தட்டினாள். தலையில் துணிமூட்டை. இடுப்பும் முதுகும் காலி.

முதுகில் இருந்திருக்கவேண்டியவன் சந்திலேயே நின்றுவிட்டான். கைக்குழந்தை பூலே, பக்கத்து வீட்டு வேலைக்காரி எவலினாவின் முதுகில் போர்வைக்குள் கட்டுண்டு, சந்தே அதிரும்படி அழுதுகொண்டிருந்தான்.

"நீ உள்ள போ புள்ள. யாராச்சும் கேட்டா, கெழவிக்குக் கர்த்தர் குடுத்த வரம்னு சொல்லிக்கிறேன்," என்றாள் எவலினா. பேரன் பேத்தி எடுத்தவள். சொல்லிவிட்டுத் தானே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

வெள்ளைக்காரத் தெருவில் கறுப்பு வேலைக்காரி படுத்துத் தூங்கலாம், அதற்கு அவள் பாஸில், கறுப்பர்கள் எங்கே போனாலும் காட்டவேண்டிய அனுமதிப் புத்தகத்தில், முத்திரை உண்டு. அவள் பிள்ளை தூங்கக் கூடாது. புருஷன் தூங்கக் கூடாது. கெனேவேயின் புருஷன் மொலாபி தங்கச் சுரங்கத்தில் இருந்தான். அங்கே ஆண்கள் விடுதிக்குள் பெண்டாட்டி பிள்ளை கால் வைக்கக் கூடாது. ஊரில் பூலேயை வளர்க்க இருந்த அவள் அம்மாவைப் போன மாதம்தான் புதைத்தார்கள். ஆக, அத்தனை பெரிய நாட்டில் அந்தக் குழந்தை சட்டப்படி கண்ணயர ஒரு முழ இடம் இல்லை. அந்தச் சட்டத்தை எழுதியவன் வீட்டிலும் ஒரு தொட்டில் ஆடியிருக்கும். எழுதிவிட்டு அவன் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கதவைத் திறந்த மேடத்துக்கு இளம்வயது. இடுப்பில் தன் பெண் குழந்தையை வைத்துக்கொண்டு, கெனேவேயை மேலும் கீழும் பார்த்தாள்.

"பேரு என்ன?"

"கெனேவே, மேடம்."

"அதெல்லாம் என் வாயில நுழையாது. இந்த வீட்டுக்கு வேலைக்கு வர்றவ பேரு ரோஸி. போனவளும் ரோஸி, அவளுக்கு முந்தி இருந்தவளும் ரோஸி. தெரிஞ்சுதா?"

நீலச் சீருடையைக் கொடுத்தாள். துவைத்ததுதான், ஆனாலும் அக்குளில் வேறொருத்தியின் வியர்வைக் கறை போகவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு எனாமல் குவளையும் தகரத் தட்டும் எடுத்துத் தரையில் வைத்தாள். வேலைக்காரிக்கு அவைதான், மற்ற பாத்திரங்களோடு சேரக் கூடாது.

"போன ரோஸி எங்க மேடம்?"

"போயிட்டா," என்றாள் மேடம். இடுப்புக் குழந்தையை இன்னொரு பக்கம் மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அறை கொல்லைக் கோடியில், நிலக்கரிக் கொட்டகையை ஒட்டி இருந்தது. ஜன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே ஒரு கம்பி வலை. கதவைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை வந்தது, ஈரச் சிமெண்டு வாடை வந்தது. அதற்கு அடியில் புளித்த தாய்ப்பால் வாடை ஒன்று. தன் ரவிக்கையிலிருந்துதான் வருகிறது என்று கெனேவே நினைத்துக்கொண்டாள்.

மேடம் மதியத் தூக்கத்துக்குப் போனதும் எவலினா சுவருக்கு மேலாகப் பிள்ளையை நீட்டினாள். ரயிலில் ஏறியது முதல் அழுகிறவன். தொண்டை கட்டியும் விடவில்லை. கெனேவே அவன் வாயை மார்போடு அழுத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள்.

வாசற்படியைத் தாண்டியதும் அழுகை நின்றது.

அறுத்த மாதிரி நின்றது.

தூங்கிவிட்டான் என்று குனிந்து பார்த்தாள். தூங்கவில்லை. கண்ணை அகல விரித்து, கதவுக்குப் பின்னால் இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் முதல் காரியமாகக் கட்டிலின் கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தாள். எந்த வேலைக்காரியும் அதைச் செய்யாமல் படுக்கமாட்டாள். தூங்குகிறவர்களின் நெஞ்சில் ஏறி உட்காரும் குட்டைப் பேய்க்கு உயரக் கட்டில் எட்டாது. கட்டிலுக்கு அடியில் ஒரு துத்தநாகத் தொட்டியில் போர்வை விரித்து, பிள்ளையைப் படுக்கவைத்தாள். பகலெல்லாம் அவன் இருப்பு அங்கேதான்.

காலையில் கண் விழித்தபோது கட்டில் தரையோடு இருந்தது. செங்கற்கள் வாசலுக்கு வெளியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவள் கட்டிலில்தான் படுத்திருந்தாள். ஓர் அசைவுகூடத் தெரியவில்லை.

மறுபடி வைத்தாள். மறுநாளும் வெளியே இருந்தன.

அதைவிடப் பெரிய விஷயம் பால். மேடத்தின் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு இஸ்திரி போடும்போதெல்லாம் கெனேவேக்கு மார்பு கட்டி, சீருடை நனைந்து வலி பிடுங்கும். சொந்தப் பிள்ளை கூப்பிடு தூரத்தில் பட்டினி கிடக்க, ஊரான் பிள்ளையை ஆட்டித் தூங்கவைக்கிற பிழைப்பு. மதியம் ஓட்டமாக ஓடி வந்து தொட்டியை இழுத்தால், பூலே மலர்ந்து சிரிப்பான். வயிறு நிரம்பித் திமிறும். மார்பைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அவன் உதட்டோரத்தில் ஒரு சொட்டுப் பால் இருந்தது.

தொட்டுப் பார்த்தாள். அது ஜில்லென்று இருந்தது.

அன்று துணி காயப்போடும்போது சுவருக்கு அந்தப்பக்கம் எவலினாவைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என் கட்டிலுக்கு வச்ச செங்கல யாரோ எடுத்து வெளிய வைக்கிறாங்க."

எவலினாவின் வாயில் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்று இல்லை. கையிலிருந்த ஈரத்துணி அப்படியே நின்றது.

"அவளும் ஒசத்தித்தான் போட்டிருந்தா. ஒசந்த கட்டில்னா அடியில இருக்கிறது டார்ச் அடிச்சா பளிச்சுனு தெரியும்ல, புள்ள."

"எவ அக்கா?"

"போன ரோஸி. பாவி, அவ நிஜப் பேரைக்கூட நான் கேக்கல." எவலினா குரலைத் தாழ்த்தினாள். "அவளும் உன்னை மாதிரிதான், புள்ளைய ஒளிச்சு வச்சிருந்தா. போலீஸ் வந்துச்சு. புள்ள வாயப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில பூந்துக்கிட்டா. அந்தச் சார்ஜண்ட் படுபாவி அவசரமே படல. கட்டில்மேலயே உக்காந்து ஒரு சிகரெட்டு முழுசா குடிச்சான். அப்புறம் குனிஞ்சு டார்ச் அடிச்சான். காலப் புடிச்சு வெளிய இழுத்தானுங்க."

"அப்புறம்?"

"அப்பவே புள்ள நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு. அவளுக்குத் தெரியல. கொட்டகையோரமா போட்டு மிதிச்சானுங்க, சாட்டையால விளாசினானுங்க. மண்டை உடைஞ்சும் அவ அந்தக் கைய எடுக்கல. சத்தம் போடாதடா கண்ணு, சத்தம் போடாதடான்னே செத்தா. பொணத்தத் தூக்கறப்ப விரல ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்தாங்க." மூக்கைச் சிந்திப் பாவாடையில் துடைத்தாள். "நீ வேற வீடு பாத்துக்க."

"கைப்புள்ளையோட யாரு அக்கா என்ன எடுப்பா?"

எவலினா ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கெனேவே அறைக்குத் திரும்பி வாசலிலேயே நின்றாள். உள்ளே பூலே யாரிடமோ ஊங்கொட்டிக்கொண்டிருந்தான். பயந்தாள், நிஜம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குள் ஓர் ஆறுதலும் இருந்தது, அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. பெற்றவள் போக முடியாத நேரத்தில் யாரோ ஒருத்தி பிள்ளைக்குக் காவல் இருக்கிறாள். செத்தவளாக இருந்தால்தான் என்ன? அன்று எனாமல் குவளையில் சர்க்கரை தூக்கலாகத் தேநீர் ஊற்றி, கதவு மூலையில் வைத்தாள். செங்கற்களைச் சந்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள்.

அதன் பிறகு இரண்டு பேர் வேலை செய்கிற வீடாக ஆனது அது. ஒருநாள் மேடம் சமையலறையிலிருந்து "ரோஸி!" என்று கூப்பிட்டாள். கெனேவே துணிக்கொடியடியில் வாயில் துணிக் கவ்விகளைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் கவ்விகளைத் துப்புவதற்குள் அறையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"வர்றேன் மேடம்."

கரகரத்த குரல். மேடம் படியில் வந்து நின்று, அறையைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

கெனேவேக்குச் சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்பு அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

குப்பை வண்டி வரும் நாள். சந்தில் என்ஜின் உறுமிக்கொண்டு வந்தபோது அவள் தற்செயலாக அறைக்குள் இருந்தாள். தொட்டியில் கிடந்த பூலே திடுக்கிட்டு அழ வாயைத் திறந்தான்.

வாய் மூடிக்கொண்டது.

தானாக மூடவில்லை. உதடுகள் பல்லில்லாத ஈறோடு நசுங்கின. ஒரு கன்னத்தில் நாலு பள்ளம் விழுந்தது. மறு கன்னத்தில் ஒன்று.

அங்கே கை இல்லை.

பிள்ளை காலை உதைத்தான். முகம் கறுத்துக்கொண்டு போனது. கெனேவே அவன் வாயருகே கொண்டுபோன விரல்கள் குளிர்ந்த எதிலோ முட்டி நின்றன. வண்டி போகும்வரை அது அசையவில்லை. என்ஜின் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகுதான் கன்னத்துப் பள்ளங்கள் நிரம்பின. பூலே சத்தமாக மூச்சை இழுத்தான், அவள் அவனை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையைக் காப்பாற்ற அந்தத் தாய்க்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அந்த வழியில்தான் அவள் தன் பிள்ளையைக் கொன்றாள்.

சனிக்கிழமை கூலி வாங்கியதும் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் சனிக்கிழமைக்குள் வேறொன்று நடந்துவிட்டது. அதற்கு அவளேதான் காரணம். பூலேயின் இடுப்புத்துணிகளைத் தனியாகக் காயப்போட்டால் தெரிந்துவிடும் என்று, மேடம் குழந்தையின் துணிகளோடு சேர்த்தே வேகவைத்து, அவற்றின் நடுவே ஒளித்துக் காயவைப்பாள். ஆனால் பூலேயின் துணி மாவுமூட்டையைக் கிழித்துத் தைத்தது. எத்தனை துவைத்தாலும் ஆலையின் முத்திரை மங்கலாக நின்றது. அதை மேடம் விரல்நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்றாள்.

"என் குழந்தை துணியோடயா?" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நேரே டெலிபோனுக்குப் போனாள்.

கெனேவே மூட்டையைக் கட்டி முடிப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது. பொழுது சாய்கிற நேரம். வெள்ளைக்காரச் சார்ஜண்ட் ஒருவன், கறுப்புக் கான்ஸ்டபிள் ஒருவன். கட்டிலடித் தொட்டியை உள்ளே தள்ளி, விரிப்பை இழுத்துத் தொங்கவிட்டு, அவள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"புள்ள எங்க?" என்றான் சார்ஜண்ட்.

"புள்ள இல்ல தொரை."

நீர்யானைத் தோல் சாட்டையின் முதல் அடி கழுத்திலிருந்து மார்புவரை இறங்கியது. சீருடை கிழிந்து, தோல் கிழிந்து, பாலும் ரத்தமும் சேர்ந்து வடிந்தன. அதைப் பார்த்து அவன் சிரித்தான்.

"இல்லாத புள்ளைக்கா பால் சொரக்குது?"

இன்னோர் அடி. விழுந்தாள். விலாவில் பூட்ஸ் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கான்ஸ்டபிள் அவள் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சொல்லிடும்மா, சும்மா அடி வாங்காத," என்று காதோரம் முணுமுணுத்தான். சமையலறை ஜன்னலில் திரை விழுந்தது.

சார்ஜண்ட் அறைக்குள் போனான். தாழ்ந்த கட்டில், தரையைத் தொடும் விரிப்பு. சட்டிபானையை உதைத்தான், மூட்டையைக் கொட்டினான். பிறகு மெதுவாகக் கட்டில்மேல் உட்கார்ந்து, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான்.

"குஞ்சு எத்தன நேரம் கத்தாம இருக்கும்? பாப்போம்."

திறந்த கதவு வழியே, மண்ணில் கன்னம் பதியக் கிடந்த கெனேவேக்கு எல்லாம் தெரிந்தது. அவனுடைய பூட்ஸுக்குப் பக்கத்தில், தொட்டி விளிம்பைத் தாண்டி, விரிப்பை விலக்கிக்கொண்டு ஒரு குட்டிப் பாதம் வெளியே வந்தது. அது காற்றை உதைத்தது.

சத்தமே இல்லை.

சிகரெட் பாதி எரிந்திருந்தது. அவன் இன்னும் கீழே பார்க்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் அவன் எழுந்து போய்விடுவான். வேலை இருக்கும். ஜெயில் இல்லை. பிள்ளையை யாரும் பிடுங்கிக்கொண்டு போகமாட்டார்கள்.

பாதம் மெதுவாக உதைத்தது.

இன்னும் மெதுவாக.

விரல்கள் மட்டும் ஒருமுறை சுருங்கி விரிந்தன.

"கைய எடு!" என்று அலறினாள் கெனேவே. "அக்கா, கைய எடு! அவன் அழட்டும்!"

கான்ஸ்டபிள் திகைத்து அவளைப் பார்த்தான். சார்ஜண்ட் தலையைத் தூக்கினான். பாதம் நின்றுவிட்டது.

"உன் புள்ளையும் அழுதிருந்தா பொழச்சிருக்கும்டி!"

கொல்லையில் காற்று நின்றது. சொல்லக்கூடாத சொல் அது, அவளுக்கே தெரியும்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பூலே வீறிட்டான். இத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

"ஆங், அப்பிடி வா," என்று சிரித்துக்கொண்டே சார்ஜண்ட் குனிந்து விரிப்பைத் தூக்கினான்.

சிரிப்பு அறுந்தது.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கான்ஸ்டபிள் ஓடிப்போய்த் தோளால் இடித்தான், அது அசையவில்லை. உள்ளே பூட்ஸ் கால்கள் சிமெண்டுத் தரையை உதைத்தன. தடதடவென்று. கட்டில் சுவரில் மோதியது. வாய்க்குள்ளேயே அடைபட்ட ஓர் அலறல் மூக்கு வழியாக வெளியேறப் பார்த்தது. அதற்கு மேலாக ஒரு கரகரத்த குரல், தாலாட்டுகிற மாதிரி.

"சத்தம் போடாத. சத்தம் போடாத."

உதை மெதுவானது. பிறகு நின்றது. கதவு தானாகத் திறந்தது.

சார்ஜண்ட் மல்லாந்து கிடந்தான். உதடுகள் பல்லோடு நசுங்கி, பிளந்து, பல் வெளியே தெரிந்தது. ஒரு கன்னத்தில் நாலு ஓட்டை, மறு கன்னத்தில் ஒன்று, எலும்புவரை இறங்கியிருந்தன. கண்களுக்குள் ரத்தம் வெடித்துச் சிவந்திருந்தது. விரலிடுக்கில் சிகரெட் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் பூலே கையையும் காலையும் ஆட்டி, முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தான்.

கெனேவே விலாவைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போய்ப் பிள்ளையை அள்ளினாள். கான்ஸ்டபிளின் பற்கள் தந்தியடித்தன.

"நான் எதையும் பாக்கல. நீயும் பாக்கல. வழுக்கி விழுந்துட்டாருன்னு எழுதிக்குவாங்க. எங்க ஸ்டேஷன்ல செத்தவன் எல்லாம் வழுக்கி விழுந்தவன்தான்." அவன் ஒருமுறை சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஓடிடும்மா. ஆத்தத் தாண்டி மலைநாட்டுக்குப் போயிடு."

குனிந்து பிள்ளையை முதுகில் போட்டாள். உடைந்த விலாவோடு போர்வையைச் சுற்ற முடியாமல் கை நழுவியபோதும் பூலே சரியவில்லை. யாரோ தாங்கிப் பிடித்த மாதிரி முதுகிலேயே இருந்தான். அதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை. சந்தில் எவலினா தன் கம்பளிச் சால்வையை அவள்மேல் எறிந்து, "திரும்பிப் பாக்காத புள்ள," என்று தள்ளிவிட்டாள்.

ஆற்றுக்கு அந்தப்பக்கம் வேறு நாடு, அந்தப் பாசுட்டோ மலைகளில் பாஸ் கேட்க ஆள் இல்லை. மொலாபியின் அத்தை வீட்டில் ஓர் ஓரம் கிடைத்தது. சோளக்காட்டில் களை பறித்தாள், விலா கூடியது. சுரங்கத்தில் விடுப்பு கிடைத்தபோது மொலாபி வந்தான். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூவரும் முதல்முறையாக ஒரே கூரையின் கீழ் தூங்கினார்கள். பூலே சுவரைப் பிடித்து நிற்கப் பழகினான். ஊரிலேயே பெரிய அழுகை அவனுடையதுதான். "உன் மவனுக்குத் தொண்டையா, தகரமா?" என்று அத்தை திட்டுவாள். கெனேவே அவன் அழுவதை உட்கார்ந்து ரசித்துக் கேட்பாள்.

ஒரு மதியம், கம்பளி வாங்குகிற வியாபாரியின் லாரி மேட்டில் உறுமிக்கொண்டு ஏறி வந்தது. அவள் வந்த பிறகு அந்தப் பாதையில் வந்த முதல் மோட்டார் அது. வாசலில் எதற்கோ அடம்பிடித்து அலறிக்கொண்டிருந்த பூலேயின் அழுகை பாதியில் நின்றது.

உதடுகள் நசுங்கின.

கெனேவே மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளையைப் பிடுங்கவில்லை. அவனுக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தின் முன்னால் மண்டியிட்டு, மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது.

அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க அக்கா," என்றாள். "கம்பளி மூட்டை ஏத்த வந்த லாரி. போலீஸ் இல்ல. இங்க நம்ம புள்ளைங்க எவ்வளவு வேணும்னாலும் அழலாம்."

லாரி வீட்டைத் தாண்டும்வரை ஒன்றும் அசையவில்லை. அப்புறம் பூலேயின் கன்னத்துப் பள்ளங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவன் மூச்சை இழுத்து, வீறிட்டு அழுதான்.

அவனோடு சேர்ந்து, அதே வாசலில், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கைக்குழந்தையும் அழத் தொடங்கியது.